கெண்டைச்சதை சொன்னதும் நான் சொல்லாததும்

இதை எழுதலாமா என்று ஆறேழு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கொப்பியை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் மூடிவைத்த நாட்கள் பல. எட்டாம் வகுப்போடு நின்றவன் வைத்திய விஷயம் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், இதற்குள் நான் சொன்ன பொய் ஒன்று இருப்பது. ஒரேயொரு சொல்தான். அந்தச் சொல்லின் பிறகு ஒரு மனிதர் கட்டிலில் இருந்து எழும்ப முடியாமல் கிடந்தார். அவர் எழும்புவாரா என்று பார்த்துக்கொண்டே நான் கழித்த இரண்டு மாதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வடக்கில் ஓர் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வாட்டில் முப்பத்தொரு வருடம் சிற்றூழியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். வீடு வட்டுக்கோட்டைப் பக்கம். காலையில் குளித்துத் திருநீறு பூசி, வயல் வெளிக்கு மேலே வெளிச்சம் பரவும் நேரத்தில் சைக்கிளில் புறப்படுவேன். அந்த வெளிச்சம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வாட்டுக்குள் நுழைந்த பிறகும் கொஞ்ச நேரம் அது கூடவே வரும். கட்டில்களுக்கு நடுவே திரையாகக் கட்டிய வெள்ளைப் படங்குகள், வெள்ளைச் சுவர், யன்னலால் விழும் வெயில், அதற்குள் மெல்ல மெல்ல அசையும் ஆட்கள். கனவுக்குள் வேலை செய்வது போலத்தான் பல நாள் எனக்கு இருக்கும்.

தூக்குவதுதான் என் தொழில். கட்டிலில் இருந்து நோயாளியைத் தள்ளிப்போகும் ரொலிக்கு, ரொலியில் இருந்து ஒப்பரேசன் தியேட்டர் மேசைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. யாரும் இருத்திவைத்துப் படிப்பிக்கவில்லை. சண்டைக் காலத்தில் சேர்ந்தேன். இரண்டு பேர் தூக்கவேண்டிய ஆளை ஒருவனாகத் தூக்கி, இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகுதான் முழங்காலை மடித்துத் தூக்கவேண்டும் என்று தெரிந்தது. ஐந்தாறு வருடம் அப்படியே போயிற்று. பிறகு கைக்கு ஒரு அறிவு வந்துவிட்டது.

அதை விளங்கப்படுத்துவது கஷ்டம். சதைப்பிடிப்புள்ள உடம்பு, மயக்கத்தில் கிடந்தாலும், தூக்குகிறவனுக்குக் கொஞ்சம் உதவி செய்யும். கெண்டைக்காலின் கீழே கையைக் கொடுத்தால் அங்கே ஒரு திரட்சி வந்து உட்காரும். சதை போன உடம்பு அப்படியல்ல. ஆள் பாரமாகவே இருக்கலாம், கால் வீங்கியும் இருக்கலாம். ஆனால் கையில் நிற்காது. ஈரச் சீலை மாதிரி இரண்டு பக்கமும் வழியும்.

இதைக் கேட்டறிந்த ஒரே பெரிய டொக்டர், நசீர் டொக்டர்தான். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முஸ்லிம் சனத்தை வெளியேற்றிய காலத்தில், சின்ன வயதில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வைக்கப்பட்டவர். புத்தளத்தில் படித்து, கொழும்பில் டொக்டராகி, பிறகு தானாகவே கேட்டு இங்கே வந்தார். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். நோயாளியின் கட்டிலில் ஒருநாளும் இருக்கமாட்டார்; ஒரு ஸ்ரூலை இழுத்துப்போட்டு, முகத்துக்கு முகம் நேராக இருந்துதான் கேட்பார். பெரிய ஒப்பரேசனுக்கு வரும் ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சில் கட்டச்சொல்லி, அப்படியே ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுவார். தானும் பக்கத்தில் நின்று எண்ணுவார். பிறகு தன்னுடைய இரண்டு விரலை நீட்டி, நெரிக்கச் சொல்லுவார். “இன்னும், இன்னும், என்ரை விரல் முறியாது” என்பார். கடைசியாக என்னைப் பார்ப்பார்.

“கைக்கு எப்பிடி அண்ணை?”

“இருக்கு, சேர்” என்பேன். அல்லது “இல்லை, சேர்” என்பேன். அவ்வளவுதான் எங்களுடைய கதை. இல்லை என்று நான் சொன்ன சிலரை அவர் திருப்பி அனுப்பி, ஒரு மாதம் போல, மூன்று நான்கு கிழமை சாப்பிட்டு நடந்துவிட்டு வரச்சொன்னது உண்டு. இத்தனை படித்தவர் என்னுடைய கையைக் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமையைத்தான் நான் பிறகு பாழாக்கினேன்.

சதையி என்று எங்கள் பள்ளிப் புத்தகத்தில் ஓர் உறுப்பு வரும். கணையம் என்றும் சொல்கிறார்கள். வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற சின்ன உறுப்பு. அதன் தலைப்பக்கத்தில் கட்டி வந்தால் பித்தம் இறங்கும் வழி அடைபட்டு, ஆள் மஞ்சளாகி, உடம்பெல்லாம் சொறிந்து, சாப்பிட்டது சமிக்காமல் வற்றிப்போவார். அதை வெட்டி எடுப்பது ஒரு பகல் முழுக்க எடுக்கும் ஒப்பரேசன். குடலும் பித்தக் குழாயும் சதையியும் திரும்பப் பொருத்தித் தைக்கப்பட வேண்டும். நசீர் டொக்டர் ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தினார். வெட்டுவது தன்னுடைய வேலை, காயம் ஆறுவது நோயாளியின் சதையின் வேலை என்றார். ஒப்பரேசன் முடிந்த உடம்பு சாப்பாடு வரும்வரை காத்திருக்காதாம். தன் சதையைத் தானே தின்று காயத்தை மாற்றுமாம். இருமுவதற்கும் சதை வேண்டும், சளியைத் துப்புவதற்கும் சதை வேண்டும், எழும்பி நடப்பதற்கும் சதை வேண்டும். சேர்த்து வைத்திருப்பவன் எழும்புவான் என்றார்.

கதிரேசு பருத்தித்துறைக் கடற்றொழிலாளி. ஐம்பத்து நாலு வயது. என்னைவிட ஒரு வயதுதான் குறைவு, ஆனாலும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார். முதல்முறை கிளினிக்குக்கு வந்தபோது கண் மஞ்சளாக இருந்ததே தவிர, தோளும் புயமும் வள்ளம் இழுத்த தோளும் புயமும்தான். கதிரையில் இருந்து ஐந்து தரம் எழும்பச் சொன்னபோது பத்துத் தரம் எழும்பினார். விரலை நெரித்தபோது டொக்டர் கையை உதறிச் சிரித்தார். பித்தம் இறங்க ஒரு குழாய் வைத்து, ஆறு கிழமையில் ஒப்பரேசன் என்று நாள் கொடுத்தார்கள். மீன் சாப்பிடு, முட்டை சாப்பிடு, சமிக்கிறதுக்குத் தந்த குளிசையைச் சாப்பாட்டோடு போடு, பின்னேரத்தில் நட என்று டொக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார். மனைவி பூமணி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினா.

ஆறு கிழமை கழித்து அவர் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். கந்தசஷ்டி முடிந்து, விரதம் இருந்தவர்கள் சோறு சாப்பிடுகிற பாறணைக்கு அடுத்த நாள். நானும் அந்த ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்தவன். விரதத்தோடேயே வேலைக்கும் வந்தேன். ஆறாம் நாள் வாட்டு முழுக்க ஒரு மெல்லிய புகைக்குள் மிதப்பது போலத் தெரிந்தது. தூக்கும் ஆட்கள் பாரமில்லாமல் இருந்தார்கள். முருகன் தாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் இருந்து கதிரேசுவை ரொலியில் ஏற்றினேன். கெண்டைக்காலின் கீழே கையைக் கொடுத்தேன். திரட்சி இல்லை. பாதம் வீங்கி, தோல் மினுங்கியது. அந்த நீர்ப் பாரத்தால் தராசிலும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் என் கையில் அவர் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் வழிந்தார்.

நீளமான நடைபாதையால் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“அண்ணை, நான் சஷ்டி பிடிச்சனான். ஆறு நாளும் தண்ணி மட்டும்தான். ஒப்பரேசன் முடியுமட்டும் மச்சம் மாமிசம் இல்லை, ஒரு நேரம்தான் சோறு எண்டு முதலே முருகனுக்கு நேர்த்திக்கடன் வைச்சிட்டன்.”

என் நெஞ்சு குளிர்ந்தது. அதுதான் உண்மை. பயம் வரவில்லை. இவனல்லவோ அடியவன் என்றுதான் தோன்றியது. நான் பாலும் பழமும் எடுத்தேன், இவர் வெறும் தண்ணீரோடு இருந்திருக்கிறார். ரொலியை நிறுத்தி, குனிந்து சொன்னேன்.

“உந்த விரதத்தைப் பற்றி இப்ப டொக்டரிட்டைக் கதையாதேங்கோ. ஏசுவார். முருகன் பாத்துக்கொள்ளுவான்.”

அவர் கனநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று டொக்டர் காலையில் இருந்து ஓர் அவசர ஒப்பரேசனில் நின்றார். பொழுதுபடத்தான் வாட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. கதிரேசு நித்திரையாகிவிட்டார். எழுப்பவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பழைய குறிப்பைப் பார்த்தார். பத்துத் தரம் எழும்பிய ஆள் என்று அதில் இருந்தது. என்னைப் பார்த்தார்.

“கைக்கு எப்பிடி அண்ணை?”

“இருக்கு, சேர்” என்றேன்.

இதுதான் நான் சொன்ன பொய்.

அடுத்த நாளே ஒப்பரேசன் நல்லபடி நடந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது என்று தியேட்டரில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கதிரேசு இருமப் பார்த்தார். இருமல் வரவில்லை. வாய் திறந்தது, நெஞ்சு கொஞ்சம் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. கிணற்றுக்குள் வாளி போய்த் தண்ணீரைத் தொடாமல் திரும்பி வருவது போல இருந்தது. சளி உள்ளேயே தங்கியது. ஐந்தாம் நாள் சளிக்காய்ச்சல் பிடித்து, மூச்சு மெசினில் போட்டார்கள். வயிற்றில் வைத்த குழாயால் சதையியின் நீர் கசியத் தொடங்கியது. தைத்த இடம் பொருந்தப் பிந்துகிறது என்றார்கள். டொக்டர் ஒவ்வொரு நாளும் ஸ்ரூலை இழுத்துப்போட்டு அவர் முன்னால் இருந்து, பேப்பர்களைப் புரட்டி, எங்கே பிழைத்தது என்று தேடினார். தன்னுடைய தையலில் பிழையோ என்று வாட்டுத் தாதி மிஸ்ஸியிடம் கேட்டதை நான் காதால் கேட்டேன்.

அந்தக் கிழமை நான் சாப்பிடவில்லை. அது விரதமில்லை, இறங்கவில்லை. என் மனைவி காரணம் கேட்டு, கடைசியில் நான் சொன்னபோது, அவ அரிசி புடைத்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, “கோயிலுக்குப் போய் அழுது என்ன, சொல்லவேண்டியது அந்த டொக்டரிட்டையல்லே” என்றா.

அடுத்த நாள் பின்னேரம் டொக்டர் வாட்டின் பின்பக்க நடைபாதையில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்துக்குள்ளால் வெயில் வந்து அவருடைய கையில் ஆடிக்கொண்டிருந்தது. போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சஷ்டி, நேர்த்தி, கெண்டைக்கால், நான் சொன்ன சொல். ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் கோப்பையைக் கட்டைச் சுவரின் மேல் வைத்தார்.

“மூண்டு கிழமை தள்ளிவைச்சிருப்பன்” என்றார். “அவ்வளவுதான் செய்திருப்பன். சாப்பிட வைச்சு, நடக்க விட்டு, பிறகு செய்திருப்பன்.”

நான் தலையைக் குனிந்தபடி நின்றேன்.

“நானும் நோன்பு பிடிக்கிற ஆள்தான் அண்ணை. நோய் வருத்தக்காரனுக்கு நோன்பு இல்லை எண்டு எனக்குச் சின்னனிலையே சொல்லித்தந்தவை. நீங்கள் எனக்குப் பயந்தனீங்களோ, இல்லாட்டி எனக்கு உது விளங்காது எண்டு நினைச்சனீங்களோ?”

இரண்டாவதுதான் என்று மனம் சொல்லியது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. டொக்டர், இனிக் கதிரேசுவைத் தூக்குவது உங்கள் வேலை இல்லை, எழுப்புவதுதான் வேலை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் கிழமை மெசின் எடுபட்டு, கதிரேசு வாட்டுக்கு வந்தார். தொடையை ஒரு கைக்குள் பிடிக்கலாம். தலையணையில் இருந்து தலையைத் தூக்க அவரால் முடியவில்லை. பகலிலும் அரை நித்திரை. அந்த நித்திரைக்குள் அவர் கடலில் இருந்தார். கட்டிலின் பக்கக் கம்பியை வள்ளத்தின் விளிம்பு என்று நினைத்துத் தடவுவார். ஒருநாள் என்னைப் பார்த்து, “அண்ணை, கரை தெரியுதே?” என்று கேட்டார். தெரியுது என்றேன். “எனக்குத் தெரியேல்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினார். யன்னலால் வந்த காற்றில் படங்கு உப்பித் தாழும். அந்த வாட்டே ஒரு மிதப்பில் இருப்பது போலவும், நாங்கள் எல்லோரும் அதில் ஏறி எங்கேயோ மெல்லப் போய்க்கொண்டிருப்பது போலவும் எனக்குத் தோன்றும்.

குடலுக்குள் வைத்த குழாயால் முதலில் பாலுணவு போயிற்று. பிறகு வாயால் இரண்டு கரண்டி. பூமணி எங்கள் வழக்கப்படி, பத்தியம் என்று கஞ்சித் தண்ணீரைத்தான் கொண்டுவந்தா. மிஸ்ஸி அதைத் திருப்பிக் கொடுத்து, மீன் சொதியும் அவித்த முட்டையும் கொண்டுவரச் சொன்னா. ஒரு நாளைக்கு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம். முட்டையைக் கண்டதும் கதிரேசு முகத்தைத் திருப்பினார். ஒப்பரேசன் முடிந்துவிட்டது, நேர்த்தியும் முடிந்துவிட்டது என்று நான் காதுக்குள் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

பயிற்சி கொடுக்க வரும் பிஸியோ தங்கச்சி கட்டிலின் கால்மாட்டில் காயம் சுற்றும் பண்டேச் சீலையை முறுக்கிக் கயிறாகக் கட்டிவிட்டா. அதைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்து எழும்பி இருக்கவேண்டும். வலை இழுத்த கை அந்தக் கயிற்றைக் கண்டதும் தானாகவே போய்ப் பிடித்தது. பிடித்ததே தவிர, இழுக்கப் பலமில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக வழுகி விழுந்தன.

“ஒரு வள்ளத்தைத் தனிய இழுத்தவர்” என்றா பூமணி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. “இப்ப ஒரு துண்டுச் சீலை இவரை வெண்டிட்டுது.”

“சீலைதான் எப்பவும் என்னை வெல்லுறது” என்றார் கதிரேசு. மெசின் எடுத்த பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்ததில் தையல் நோகுது என்று முனகினார்.

நான் வேலை முடிந்த பிறகும் நின்றேன். காலையில் ஒரு மணித்தியாலம் முந்தி வந்தேன். முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தாலும் தூக்கவில்லை. அவர் எழும்பும்வரை அங்கேயே வைத்திருந்தேன். தூக்கியே பழகிய கையைத் தூக்காமல் வைத்திருப்பதுதான் என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை. கட்டில் விளிம்பில் இருந்தது ஒரு நாள். நின்றது இன்னொரு நாள், நாலு மூச்சு அளவுக்கு. யன்னல் மட்டும் நடந்தது மார்கழியில். அன்று திருவெம்பாவைக் காலத்துச் சங்கு கோயிலில் ஊதியது. அவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வெளியே பார்த்தார். பின்னால் நின்று அவருடைய கெண்டைக்காலைப் பார்த்தேன். கொஞ்சம், மிகக் கொஞ்சம், திரண்டிருந்தது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்குப் போனார். நடந்துதான் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஒப்பரேசனுக்குப் பிறகு கட்டி திரும்பாமல் இருக்க மருந்து ஏற்றவேண்டும். அதற்கும் உடம்பு வேண்டும். மற்றவர்களுக்குத் தொடங்குகிற காலத்தில் இவருக்குத் தொடங்க முடியவில்லை. பிந்தித் தொடங்கி, உடம்பு தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டாம் வருடம் நோய் திரும்பிவிட்டது. அதனால்தான் திரும்பியதா என்று டொக்டரைக் கேட்டேன். யாராலும் அப்படிச் சொல்ல முடியாது என்றார். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. ஆனால் அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

கடைசி மாதத்தில் பருத்தித்துறைக்குப் பஸ் எடுத்துப் போனேன். கடலைப் பார்த்தபடி சாய்மனைக் கதிரையில் இருந்தார். கடலும் வானமும் ஒரே நிறமாக, எது எது என்று தெரியாமல் கிடந்தன. பக்கத்தில் இருந்து, டொக்டரிடம் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணை, அண்டைக்கு உங்களிட்டை நான் ஏன் சொன்னனான் எண்டு நினைக்கிறியள்?”

பாரம் இறக்கத்தான் என்றேன்.

“நேர்த்தியை நானா விட ஏலாது. கிளினிக்கிலை அவர் சாப்பிடச் சொன்னவர்தான், அது எல்லாருக்கும் சொல்லுறது. என்ரை நேர்த்தி தெரிஞ்சு, சாப்பிடு எண்டு டொக்டர் பிடிச்சு வைச்சால் அது முருகன் சொன்ன மாதிரி. நீங்கள் போய்ச் சொல்லுவியள் எண்டுதான் சொன்னனான்.”

பிறகு மெல்லச் சொன்னார்.

“எனக்குச் சரியான பசி அண்ணை, அண்டைக்கு.”

அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஊரில் வேறு ஒரு கதை வளர்ந்துவிட்டது. வெறும் தண்ணீரோடு சஷ்டி பிடித்துவிட்டுப் போனதால்தான் கதிரேசு அந்தப் பெரிய ஒப்பரேசனைத் தாண்டி எழும்பினார் என்று. போன மாதம் ஒரு பெண் என் வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றா. கணவனுக்கு அதே நோய், அதே ஒப்பரேசன். கதிரேசுவைப் போல அவரும் விரதம் தொடங்கிவிட்டார், வாட்டில் நின்ற நீங்கள் ஆசீர்வதிக்கவேண்டும் என்று கேட்டா. அன்றைக்கே அவவோடு போனேன். அந்த மனிதரின் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தேன். நேரே நசீர் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அவர் முன்னால் நானே சொன்னேன். இப்போது வாட்டில் கைப்பிடிப் பலத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது. ஒப்பரேசனுக்கு முந்திய கிழமைகளில் சாப்பாட்டுக்கும் நடைக்கும் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் மனிசர் மறைக்கிறதை எந்தக் கருவி அளக்கும்? அந்த மனிதருக்கு டொக்டர் ஒப்பரேசன் நாளைத் தள்ளிவைத்தார். அவர் இப்போது சாப்பிடுகிறார்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நோயோடு யாராவது உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். முருகன் கைவிட்டான் என்று சொல்லாதீர்கள். நான் இன்றைக்கும் சஷ்டி பிடிக்கிறவன், அவன் யாரையும் கைவிட்டதை நான் காணவில்லை. என்னை நல்லவனாக்க வேண்டி அந்தப் பொய்யையும் விட்டுவிடாதீர்கள். ஒப்பரேசனைத் தாண்டி எழும்பினார் என்று சொன்னால், எழும்ப இரண்டு மாதம் எடுத்ததையும் சொல்லுங்கள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவருக்கு அன்றைக்குப் பசித்தது என்பதையும் சொல்லுங்கள்.